சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடிபி கிடைக்கும்: அதென்டிகேட்டர் செயலியை அமைப்பது எப்படி?

மொரப்பூரில் லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. இ-வே பில் எடுத்தால்தான் வண்டி கிளம்ப முடியும். கணக்கு பார்ப்பவர் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார். அடுத்து ஓடிபி கேட்கிறது. அது வரும் போன், ரயிலில் சேலம் போய்க்கொண்டிருக்கும் முதலாளியின் கையில். “அண்ணே, ஓடிபி வந்துச்சா?” என்று கேட்கக் கூப்பிட்டால், லைன் கிடைக்கவில்லை. பில் இல்லாமல் வண்டியை அனுப்பினால், வழியில் சோதனையில் பிடித்து அபராதம் போடலாம்.

சிறு ஊர்களில் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். காரணம், இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் பாஸ்வேர்டுடன் இரண்டாவது சரிபார்ப்பும் இப்போது கட்டாயம். 2025 ஜனவரியில் 20 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், பிப்ரவரியில் 5 கோடிக்கு மேல், ஏப்ரல் 1 முதல் எல்லோரும் என்று படிப்படியாக இது வந்தது.

இதற்குத் தீர்வும் அதே தளத்தில் இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக ‘என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு’ என்ற செயலியிலேயே ஓடிபியைப் பார்த்துக்கொள்ளலாம். நெட் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். செயலியை இ-வே பில் தளத்துக்குள் சென்றே இறக்க வேண்டும். ஊழியருக்கு அவருடைய செல்போன் எண்ணில் தனியாகத் துணைப் பயனர் கணக்கு தொடங்கிக் கொடுத்தால், முதலாளிக்கு போன் போடும் வேலையே இல்லை.

ஜிமெயில், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், பங்குச் சந்தைக் கணக்கு, ஆபீஸ் லாகின் போன்றவற்றுக்கு இதே வேலையைச் செய்பவைதான் கூகுள் அதென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் அதென்டிகேட்டர் போன்ற இலவசச் செயலிகள்.

சிக்னல் இல்லாமல் எப்படி?

ஸ்டேஷன் மாஸ்டரிடமும் ரயில் டிரைவரிடமும் ஒரே கால அட்டவணை இருக்கிறது, இருவர் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதை இருவரும் பேசிக்கொள்ளாமலே சொல்லிவிடலாம்.

இதுவும் அப்படித்தான். முதல்முறை க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது, ஒரு ரகசிய எண் உங்கள் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே எண் இணையதளத்திடமும் இருக்கும். அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் வைத்து இரண்டும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே ஆறு இலக்க எண்ணை உருவாக்கும். இரண்டும் பொருந்தினால் கணக்கு திறக்கும். இந்த முறை 2011-லேயே பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. அதனால்தான் ஒரே செயலியில் பல நிறுவனங்களின் கணக்குகளைச் சேர்க்க முடிகிறது.

போனில் நேரம் தப்பாக இருந்தால் எண்ணும் தப்பாக வரும். செட்டிங்ஸில் ‘தானியங்கி நேரம்’ ஆனில் இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் போதாதா?

ஒன்றும் இல்லாததற்கு எஸ்எம்எஸ் ஓடிபி எவ்வளவோ மேல். ஆனால் அது உங்கள் போனைத் தேடி வருவதில்லை. உங்கள் எண்ணைத் தேடி வருகிறது. போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அவருக்குப் போகும். செயலியில் உள்ள ரகசிய எண் சிம்மில் இல்லை. சிம்மை மாற்றினாலும் அது கைமாறாது.

வங்கி, கார்டு பரிவர்த்தனைகளில் இன்னும் பெரும்பாலும் எஸ்எம்எஸ் ஓடிபிதான். அதை இந்தச் செயலியால் மாற்ற முடியாது.

அமைப்பது எப்படி?

முதலில் ஜிமெயிலில் தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ இணைப்பு மெயிலுக்குத்தான் வரும். மெயில் போனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

1. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் அதென்டிகேட்டர் செயலியை இறக்குங்கள். ஒரே மாதிரி பெயரில் பல செயலிகள் வரும். வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பார்த்து இறக்குங்கள்.

2. கூகுள் கணக்கின் ‘பாதுகாப்பு’ பகுதியில் இருபடிச் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுத்து, ‘அதென்டிகேட்டர்’ என்பதைத் தொடுங்கள்.

3. கணினித் திரையில் வரும் க்யூஆர் கோடை செயலியால் ஸ்கேன் செய்யுங்கள். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், ‘ஸ்கேன் செய்ய முடியவில்லையா’ என்பதைத் தொட்டு, வரும் எழுத்துகளைச் செயலியில் ஒட்டலாம்.

4. செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைத் தளத்தில் போட்டு உறுதி செய்யுங்கள். இருபடிச் சரிபார்ப்பு ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். அந்தப் படம் கிடைத்தால் உங்கள் ஓடிபியை வேறொருவர் போனிலும் வரவைக்கலாம்.

பலரும் விட்டுவிடும் ஐந்தாவது படி

போன் தொலைந்தால் அதே எண்ணில் புது சிம் வாங்கிவிடலாம். ஆனால் செயலியில் இருந்த ரகசிய எண் அந்த போனோடு போய்விடும். திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு உங்களையே வெளியே நிறுத்தும். பெங்களூரில் ரூமில் இருக்கும்போது போன் போய், மறுநாள் காலை ஆபீஸ் மெயிலும் திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

இதற்குத்தான் ‘பேக்கப் கோடு’. கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். இவற்றைக் காகிதத்தில் எழுதி, ஊரில் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். அவசரத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டு ஒரு எண்ணை வாசிக்கச் சொல்லலாம். அதே போனின் கேலரியில் வைத்தால் பயனில்லை.

2023 ஏப்ரல் முதல் கூகுள் அதென்டிகேட்டரில் உள்ளவற்றைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதியும் இருக்கிறது. புது போன் வாங்கினால், பழைய போனில் இருந்து கணக்குகளை மாற்றி, ஒருமுறை லாகின் செய்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுக்கும் முன் இதைச் செய்தாக வேண்டும்.

இதையும் ஏமாற்ற முடியுமா?

முடியும். போலி இணையதளத்தில் நீங்களே பாஸ்வேர்டையும் ஆறு இலக்க எண்ணையும் போட்டால், 30 விநாடிக்குள் அதை உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடலாம். “பேங்க்ல இருந்து பேசுறோம் சார், ஆப்ல என்ன நம்பர் காட்டுது?” என்று கேட்டாலும் சொல்லாதீர்கள். அந்த எண்ணை உங்களிடம் போனில் கேட்க எந்த நிறுவனத்துக்கும் தேவை இல்லை.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் தடுக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.