தோட்டப்புறத்தில் ‘மருந்து’: செம்பனைப் பைப்புழுவை முன்வைத்து ஒரு நோக்கு

ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் இன்று வாழும் முதிய தமிழர் பலர் தோட்டங்களிலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்தவர்கள். பால்வெட்டைப் போலவே ‘மருந்தடிப்பு’ என்பதும் அவர்கள் வழக்கில் ஒரு வேலையின் பெயராகும். பூச்சியையும் களையையும் கொல்லும் நஞ்சை மருந்து என வழங்குவது தமிழகத்திலும் உண்டு. எனினும் மலேசியத் தோட்டங்களில் அதனை முதுகில் சுமந்து தெளித்தவருள் தமிழ்ப் பெண்களே மிகுதி. அந்த மருந்து பயிரின் நோயைத் தீர்த்ததா என்னும் வினாவிற்குச் செம்பனையின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

1960களிலிருந்து ரப்பர்க் காடுகள் பல செம்பனைக்கு மாறின. செம்பனையின் ஓலையைத் தின்னும் பூச்சிகளுள் தலையாயது பைப்புழு. மலாய் மொழியில் இதனை ‘உலாட் புங்குஸ்’ என்பர். இலைத் துணுக்குகளைப் பட்டிழையால் இணைத்துப் பை ஒன்றைப் பின்னி, அதனுள்ளிருந்தே இது மேய்கின்றது. பெரும்பாலும் காணப்படும் வகையில் பெண் பூச்சிக்குச் சிறகில்லை. பையை விட்டு வெளிவராமலே முட்டையிட்டு மடிகின்றது. பொரித்த குஞ்சுப் புழுக்கள் இழையில் தொங்கிக் காற்றில் பரவும். ஓலையில் பாதி அழிந்தால் அடுத்த ஈராண்டுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டு விளைச்சல் குறையக்கூடும்.

1950களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்களில் டிடிடி, டீல்டிரின், என்டிரின் போன்ற நஞ்சுகள் தெளிக்கப்பட்டன. தெளிக்கத் தெளிக்கப் பைப்புழு பெருகிற்று. பூச்சியியலார் பிரையன் வுட் இதன் காரணத்தை விளக்கினார். புழுவுக்குப் பை கவசமாயிருந்தது; அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகளுக்கோ கவசம் ஏதுமில்லை. ஓலையின் மேல் நெடுநாள் தங்கிய நஞ்சு குளவியை முதலில் கொன்றது. எதிரியற்ற புழு தழைத்தது. கண்டபடி தெளிப்பதை நிறுத்திய இடங்களில் பெருக்கம் தணிந்தது. நஞ்சு முற்றாகத் துறக்கப்பட்டது என்று இதனைக் கொள்ளலாகாது. ஓலையைத் தின்னும் புழுவை மட்டும் தாக்கிக் குளவியைப் பெரிதும் விட்டுவைக்கும் நஞ்சுகள் இடமறிந்து பயன்படுத்தப்பட்டன. அவர்தம் செம்பனைப் பூச்சிகள் பற்றிய நூல் 1968இல் வெளிவந்தது. இன்றைய சபாவில் கொக்கோ பயிரில் 1961 தொடங்கி கோர்டன் கான்வே கண்டதும் ஏறத்தாழ இதுவே. பயிர்க்காப்பு வரலாற்றில் இவை உலகளவில் எடுத்துக்காட்டப்படுகின்றன. நம் தோட்டப்புற வரலாற்று நூல்களில் இவற்றுக்கு இடமில்லாதது வியப்பளிக்கின்றது.

வளர்ந்த குளவியின் உணவு பூந்தேன். அது மரத்தடியிலும் பாதையோரத்திலும் பூக்கும் செடிகளிலிருந்து கிடைப்பது. அச்செடிகளைக் ‘களை’ என ஒருசேர அழித்ததால் குளவி பட்டினி கிடந்தது. அழிக்கப் பயன்பட்ட மருந்துகளுள் பெயர்பெற்றது பாராகுவாட். உட்கொண்டவரைக் காக்க மாற்றுமருந்து இல்லாத நஞ்சு இது. வெப்பத்தில் கையுறையும் முகமூடியும் அணிந்து நாள் முழுவதும் உழைப்பது அரிது. பல தோட்டங்களில் அவை தரப்படவுமில்லை. பெண்கள் மூக்கில் குருதி வடிதல், நகம் கறுத்து உதிர்தல், தோல் புண் ஆகியவற்றுக்கு ஆளாயினர். தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இத்தகைய துயரங்களைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டில் அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 சனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் தோட்டங்களில் தமிழர் குறைந்து, தெளிப்பானின் சுமை பெரிதும் வெளிநாட்டுத் தொழிலாளர் முதுகுக்கு மாறியது.

பேராக்கின் தென்பகுதியில் பைப்புழு இன்றும் தொல்லை தருகின்றது. 2013இல் அது பயிர்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆபத்தான பூச்சியாக அறிவிக்கப்பட்டது. இப்பொழுது பரிந்துரைக்கப்படும் முறைகளில் பழைய பாடம் தெரிகின்றது. தோட்டப் பாதையோரத்தில் துர்னெரா போன்ற தேன்செடிகளை நடுகின்றனர். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரைத் தெளிக்கின்றனர். இது புழுவின் வயிற்றுக்குள் சென்றால்தான் கொல்லும்; எனவே குஞ்சுப் பருவத்தில் தெளித்தால் மிகுபயன் தரும். எலிக்காகக் கூகைக்குக் கூண்டு வைக்கின்றனர். ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பர். கூகையின் குரலைத் தீக்குறியாகக் கருதிய நம் மக்கள் நடுவே அதற்கு வீடு கட்டித் தந்தது சுவையான முரண். ஆயினும் வீரியமிக்க எலி மருந்தை உண்ட எலியைத் தின்று கூகையும் மடிவதுண்டு.

இவை அனைத்திற்கும் அடிப்படை எண்ணுதல். ஓலையை வெட்டி இறக்கி, உயிருள்ள புழுக்களைத் தனியாகவும் வெறும் பைகளையும் குளவி முட்டையிட்ட புழுக்களையும் தனியாகவும் கணக்கிட வேண்டும். ஓலைக்குச் சராசரியாகப் பத்துப் புழு என்பது பொதுவான எல்லை. அதற்குக் கீழ் எனில் தெளித்தல் வேண்டா. கூரிய கண்ணும் பொறுமையும் வேண்டிய பணி இது. தெளிப்பானைச் சுமந்த பெண்களுக்கு அவ்விரண்டும் இருந்தன. அவர்களுள் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது நஞ்சு வாளி மட்டுமே.