வைரஸ் நோயைத் தாங்கும் சால்மன் மீன்
சினை மீன் தேர்வில் நார்வே கண்ட பலன்

வயலில் நோய் விழுந்தால் எல்லாப் பயிரும் ஒன்றுபோல் சாவதில்லை. பத்துத் தூர் கருகிய இடத்தில் இரண்டு தூர் பச்சையாக நிற்கும். அந்த இரண்டிலிருந்து விதை எடுக்க வேண்டும் என்பது உழவர் எவருக்கும் தெரிந்ததே. மீன் வளர்ப்பில் இதே வழியைக் கையாள்வதில் ஒரு சிக்கல் உண்டு. வைரஸ் நோயில் பிழைத்த மீன் வெளியே கொழுகொழுவென்று இருந்தாலும், உள்ளே வைரஸைச் சுமந்துகொண்டே இருக்கக்கூடும். அதைச் சினை மீனாக வைத்துக்கொள்வது, நோயையும் பண்ணைக்குள் வைத்து வளர்ப்பதற்குச் சமம்.

இந்தச் சிக்கலுக்கு நார்வே, ஸ்காட்லாந்து நாடுகளில் சால்மன் மீன் வளர்ப்போர் ஒரு வழி கண்டார்கள்.

குஞ்சுகளை அழிக்கும் நோய்

சால்மன் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நன்னீரில் முட்டை பொரிந்து, ஓரளவு வளர்ந்தபின் கடலுக்குப் போவது. பண்ணையிலும் அதே முறைதான். குஞ்சு பொரிப்பகத்தில் தொட்டிகளில் வளர்த்து, பிறகு கடலில் மிதக்கும் வலைக் கூண்டுகளில் விடுகிறார்கள். இம்மீனைத் தாக்கும் வைரஸ் நோய்கள் பல. அவற்றில் நெடுநாள் பெருந்தொல்லை கொடுத்தது, கணையத்தை அழிக்கும் ஐ.பி.என். என்னும் நோய்.

இந்த நோய் இரண்டு சமயம் பார்த்துத் தாக்கும். ஒன்று, குஞ்சுகள் முதன்முதலாகத் தீனி எடுக்கத் தொடங்கும் நாட்கள். மற்றொன்று, கடலுக்கு மாற்றிய சில வாரங்கள். நோய் கண்ட குஞ்சு உடல் கறுத்து, வயிறு உப்பி, கண் பிதுங்கி, தன்னையே சுற்றிச் சுழன்று நீந்தும். ஆசன வாயில் வெண்ணிற நூல்போல் மலம் தொங்கும். பிறகு தொட்டியின் அடியில் சாய்ந்துவிடும். நேற்று வரை தீனிக்கு மொய்த்த தொட்டியில் இன்று செத்த குஞ்சுகளை வலையால் அள்ள வேண்டிய நிலை.

வைரஸை அழிக்க மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, ஆனால் கால் கிராம்கூட எடையில்லாத குஞ்சுக்கு ஊசி குத்துவது எப்படி? கடலுக்குப் போகும் முன் போடும் ஊசி அந்தப் பருவத்துக்குத்தான் உதவும். போதாக்குறைக்கு, இந்த வைரஸ் மிகவும் கெட்டியானது. தண்ணீரில் நெடுநாள் உயிரோடிருக்கும். சாதாரணமாகத் தெளிக்கும் சில கிருமிநாசினிகளுக்கும் அசையாது.

உடன்பிறப்புகளை வைத்துச் சோதனை

நார்வேயில் சால்மன் இன மேம்பாட்டு வேலை 1970களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. ஹரால்ட் ஷேர்வோல்ட் என்ற பேராசிரியர் கால்நடை இனவிருத்தியில் பெயர் பெற்றவர். பசுவுக்கும் ஆட்டுக்கும் செய்வதை மீனுக்கும் செய்யலாம் என்று அவர் நம்பினார். அவரும் ட்ரிக்வே ஜெட்ரெம் என்ற விஞ்ஞானியும் முன்னின்று, சுமார் 40 ஆறுகளிலிருந்து சால்மன் இனங்களைத் திரட்டி வளர்த்தார்கள். முதலில் பார்த்த குணம் வேகமான வளர்ச்சி. நோய் எதிர்ப்பு பின்னால் வந்தது.

நோய்க்குத் தேர்வு செய்ய அவர்கள் கையாண்ட வழி எளியது. ஒரு பெட்டை மீன் பல ஆயிரம் முட்டை இடும். முட்டையைப் பிழிந்தெடுத்து, ஓர் ஆண் மீனின் விந்தைக் கலந்தால் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஆயிரக்கணக்கான குஞ்சுகள் கிடைக்கும். இது ஒரு குடும்பம். இப்படி நூற்றுக்கணக்கான குடும்பங்களை உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் கொஞ்சம் குஞ்சுகளைத் தனியே பிரித்து, பண்ணைக்குத் தொடர்பில்லாத சோதனை நிலையத்துக்கு அனுப்பி, அங்கே வேண்டுமென்றே வைரஸைக் கலந்துவிடுகிறார்கள். எந்தக் குடும்பத்தில் சாவு குறைவு என்று எண்ணிப் பார்க்கிறார்கள். சோதனைக்குப் போன மீன் ஒன்றுகூடப் பண்ணைக்குத் திரும்பாது. சாவு குறைந்த குடும்பத்தில், நோயையே காணாமல் வீட்டிலிருந்த அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகள்தான் சினை மீன்களாகின்றன.

(குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தேர்வு செய்யும் இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. ஒடிசாவில் புவனேசுவரம் அருகே கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிலையம், நார்வே ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1992-ல் தொடங்கிய வேலையில் பிறந்ததுதான் வேகமாக வளரும் 'ஜெயந்தி' ரோகு.)

சோதனையில் குடும்பத்துக்குக் குடும்பம் சாவில் பெரும் வித்தியாசம் தெரிந்தது. நோயைத் தாங்கும் குணம் பரம்பரையாக வருவது உறுதியாயிற்று. ஆனாலும் ஒரு குறை. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே குணமாகவா இருக்கின்றன? நல்ல குடும்பத்திலும் நோய்க்கு இளைத்த குஞ்சு இருக்கும். வீட்டிலிருந்த மீன்களில் எது தாங்கும், எது தாங்காது என்று சொல்ல வழியில்லை.

26-ஆவது குரோமோசோம்

அந்த வழியை மரபணு ஆராய்ச்சி காட்டியது. ஐரோப்பிய அட்லாண்டிக் சால்மனுக்கு 29 ஜோடி குரோமோசோம்கள். அவற்றில் 26-ஆவது குரோமோசோமில் ஒரு சிறு பகுதிதான், ஐ.பி.என். நோயை மீன் தாங்குவதையும் தாங்காததையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதை 2008-ல் ஸ்காட்லாந்தில் ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்டார்கள். 2009-ல் நார்வேயின் ஆக்வா ஜென் என்ற இனவிருத்தி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நோய் எதிர்ப்பு போன்ற குணத்தைப் பொதுவாகப் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இங்கே ஒரே இடம் ஏறக்குறைய முழுப் பொறுப்பையும் ஏற்றிருந்தது இனவிருத்தியாளர்களுக்கு அடித்த அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

இதன்பின் வேலை சுலபமாயிற்று. சினை மீனின் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் போதும். ஒவ்வொரு மீனும் இந்த மரபணுவில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் பெற்றிருக்கும். இரண்டுமே தாங்கும் வகையாக உள்ள மீனைச் சினை மீனாக எடுத்தால், அதன் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நல்ல பிரதி நிச்சயம். தாய் தந்தை இருவரும் அப்படியே அமைந்தால் குஞ்சுகள் அத்தனையும் தாங்கும் வகை. மீனுக்குள் வெளியிலிருந்து எந்த மரபணுவும் புகுத்தப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்று மீனிடம் முன்பே இருந்ததைத் தேடிப் பொறுக்கியதுதான் நடந்தது.

2009-ல் நார்வேயில் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் ஐ.பி.என். கண்டது. தேர்ந்தெடுத்த சினை மீன்களின் முட்டைகள் பண்ணைகளுக்குப் பரவிய சில ஆண்டுகளிலேயே நோய் கண்ட இடங்கள் சுமார் 75 சதவீதம் குறைந்தன. பண்ணையாளர் புதிதாகத் தொட்டி கட்டவில்லை, மருந்து வாங்கவில்லை. வாங்கும் முட்டை மாறியது, அவ்வளவே.

அந்த மரபணு மீனுக்குள் செய்வது என்ன? இதில் இரண்டு கருத்துகள் உள்ளன. நார்வே குழு 2015-ல் கேட்ஹெரின் என்ற புரதத்தைச் சுட்டிக்காட்டியது. செல்லின் மேற்புறத்தில் இருக்கும் இந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வைரஸ் உள்ளே நுழைகிறது. தாங்கும் மீனில் அந்தப் பிடி கிடைப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. ராஸ்லின் குழு 2021-ல் அதே பகுதியிலுள்ள வேறொரு மரபணுவைக் காட்டியது. சால்மன் செல்களில் அதைச் செயலற்றதாக்கியபோது வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைந்தது. வழக்கு முடியவில்லை. ஆனால் முட்டை வாங்குபவருக்கு இந்த வழக்கால் நஷ்டம் ஒன்றுமில்லை. எந்த மரபணுவானாலும் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றாகவே குஞ்சுக்கு வருகின்றன.

மற்ற வைரஸ் நோய்களில் இந்த அதிர்ஷ்டம் முழுமையாக வாய்க்கவில்லை. 2007 முதல் சிலி நாட்டின் சால்மன் பண்ணைகளைக் காலி செய்த இரத்தசோகை நோயை ஒரே மரபணுவால் கட்ட முடியாது. அங்கே பழையபடி குடும்பச் சோதனைதான், கொஞ்சம் கொஞ்சமான முன்னேற்றம்தான்.

வைரஸும் மாறியது

நெல் விவசாயிகளுக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1973-ல் வெளிவந்த ஐ.ஆர்.26 இரகம் புகையான் பூச்சியைத் தாங்கியது. அந்தச் சக்தி ஒரே மரபணுவால் வந்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாடுகளில் வயலெல்லாம் அதே இரகமாக நிறைய, சில ஆண்டுகளுக்குள் அதையும் தின்னும் புகையான் வகை தலையெடுத்தது.

சால்மனிலும் அதன் அறிகுறி தெரிகிறது. 2019-ல் நார்வேயில் தாங்கும் வகை மீன்களே ஐ.பி.என். நோயால் இறந்தன. அவற்றிலிருந்து எடுத்த வைரஸை ஆராய்ந்தபோது, அது முன்பு கண்டதிலிருந்து சற்று மாறிய வகை என்று தெரிந்தது. சோதனைத் தொட்டியிலும் அது தாங்கும் மரபணு பெற்ற மீன்களைப் பெருமளவில் கொன்றது. 2021-ல் இது வெளியிடப்பட்டது. அந்த மரபணுவைத் தாண்டி, மற்ற மரபணுக்களின் சிறு சிறு பங்கையும் குடும்பச் சோதனையின் மூலம் சேர்க்க வேண்டிய வேலை இப்போது இனவிருத்தியாளர் முன் நிற்கிறது. பொரிப்பகங்களில் முட்டைகளை அயோடின் கலந்த கிருமிநாசினியில் கழுவுவதும், ஒரு தொட்டிக்குப் போட்ட வலையை மறு தொட்டியில் போடாதிருப்பதும் பழைய நாள் வழக்கங்கள். நல்ல முட்டை கிடைத்த பிறகும் அவற்றை எவரும் கைவிடவில்லை.