தட்டையை மறக்காத தகடு

கடையில் இரண்டு தகடுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். இரண்டும் எட்டுக்கு நாலு அடி, இரண்டும் கண்ணாடி போலத் தெளிவு. ஒன்று அக்ரிலிக், மற்றது பாலிகார்பனேட். விரலை மடக்கித் தட்டினால் அக்ரிலிக் கொஞ்சம் கண்ணாடிக் குரலில் பேசும். பாலிகார்பனேட் மந்தமாகத்தான் பதில் சொல்லும். ஓரத் துணுக்கைக் கொளுத்தினால் சந்தேகமே இராது. அக்ரிலிக் பழ வாசனையோடு படபடவென்று எரிந்துகொண்டே போகும். பாலிகார்பனேட் கரும்புகை கக்கும். நெருப்பை விலக்கினால் அணைந்துவிடும். (இந்தச் சோதனையைக் கடைக்காரர் எதிரில் செய்ய வேண்டாம்.)

பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் அலமாரிக்கு முன்பக்கம் வளைந்த தகடு வேண்டும் என்று கேட்டால், ‘பாலிகார்பனேட் வாங்கிக்கோங்க சார், சுத்தியால அடிச்சாலும் உடையாது’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அலமாரியை யாரும் சுத்தியலால் அடிப்பதில்லை. தினமும் துணியால் துடைப்பார்கள். பாலிகார்பனேட்டின் மேற்பரப்பு மென்மையானது. தூசி படிந்த துணி பட்டால் மெல்லிய கீறல்கள் விழுந்து, நாளடைவில் தகடு மங்கிவிடும். இயந்திரத்தின் காப்பு மூடிக்கும் போலீஸ் கேடயத்துக்கும் அது சரி. பார்ப்பதற்கென்றே வைக்கிற இடத்தில் அக்ரிலிக்தான் என் தேர்வு. அதன்மேல் விழும் ஒளியில் 92 சதவீதம் ஊடுருவிப் போகும். எடையோ அதே கனமுள்ள கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. 1933இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோம் இதற்குப் ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்று பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டே பிரிட்டனில் இது ‘பெர்ஸ்பெக்ஸ்’ ஆயிற்று.

அக்ரிலிக்கிலும் இரண்டு சாதி உண்டு. இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே திரவமாக ஊற்றி இறுக விடுவது காஸ்ட். மணிகளை உருக்கி, நீண்ட பிளவு வழியே தள்ளி, உருளைகளில் தேய்த்து எடுப்பது எக்ஸ்ட்ரூடட். இரண்டாவது விலை குறைவு, கனமும் சீராக இருக்கும். ஆனால் சூடாக்கினால், இழுத்த திசையில் கூடுதலாகச் சுருங்கும். வளைக்கப் போகிறோம் என்றால் காஸ்ட் என்று கேட்டு வாங்குவதே நல்லது.

இப்போது வளைவுக்கு வருவோம். 4 மி.மீ. தகட்டைக் கால்வட்டமாக, 30 செ.மீ. ஆரத்தில் வளைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் அழுத்தி வளைத்துச் சட்டத்தில் செருகிவிடலாமா? அக்ரிலிக்கைக் குளிர்நிலையில் வளைப்பதற்குத் தொழிலில் ஒரு கணக்கு இருக்கிறது: ஆரம், தகட்டின் கனத்தைப் போல் சுமார் 330 மடங்குக்குக் குறையக் கூடாது. 4 மி.மீ. தகட்டுக்கு அது 132 செ.மீ. பாலிகார்பனேட் என்றால் 150 மடங்கு, அதாவது 60 செ.மீ. நமக்கு வேண்டிய 30க்கு இரண்டுமே ஒத்துவராது.

மீறி வளைத்தாலும் அன்றைக்கே உடைந்துவிடும் என்று சொல்ல முடியாது. அதுதான் ஆபத்து. குளிர்நிலையில் வளைத்த தகடு தோற்றத்தில்தான் வளைந்திருக்கிறது. உள்ளுக்குள் நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கிறது. வெளிப்புறத் தோல் எப்போதும் இழுவிசையில். அந்த நிலையில் ஸ்பிரிட்டோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் போதும், வெள்ளி நூல்கள் போல நுண்ணிய வெடிப்புகள் ஓடிவிடும். நான் ஒருமுறை ஸ்டிக்கர் பசையை எடுக்கத் தின்னரால் துடைத்து, ஒரு நல்ல தகட்டைச் சிலந்திக்கூடாக்கியிருக்கிறேன். சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும் போதுமாயிருந்திருக்கும்.

ஆகவே சூடுதான் வழி. அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். காஸ்ட் தகட்டைக் காற்றடுப்பில் 160, 170 டிகிரி வரை ஒரே சீராகக் காய்ச்சினால் ஈரத் தோல் மாதிரித் துவண்டுவிடும். பாலிகார்பனேட்டுக்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும் என்பதால், முதலில் 120 டிகிரியில் மணிக்கணக்கில் உலர்த்தவில்லையென்றால் உள்ளே குமிழ் குமிழாகக் கொப்பளிக்கும்.

துவண்ட அக்ரிலிக்கைப் பருத்திக் கையுறையோடு இருவர் தூக்கி, மர அச்சின்மேல் போர்த்துவார்கள். அச்சின்மேல் மெத்தென்ற ஃபெல்ட் துணி ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மரத்தின் ரேகை அப்படியே தகட்டில் பதியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேலே ஒரு போர்வையைப் போட்டு, மெல்ல ஆற விடவேண்டும். அவசரப்பட்டு ஆற்றினால், எந்த இறுக்கத்தைத் தவிர்க்க அடுப்பை மூட்டினோமோ அதுவே மறுபடி உள்ளே குடியேறிவிடும்.

வெட்டும்போதும் ஒரு கணக்கு உண்டு. 30 செ.மீ. ஆரத்தில் கால்வட்டத்தின் நீளம் 471 மி.மீ. காஸ்ட் தகடு முதன்முறை சூடாகும்போது 2 சதவீதம் வரை சுருங்கும். எனவே 481 மி.மீ. ஆக வெட்டி, வளைத்த பிறகு ஓரத்தைச் சீவிக்கொள்வார்கள். திருகாணித் துளையையும் தாராளமாகவே போடவேண்டும். ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 2 மி.மீ. நீளும்.

பாயைச் சுருட்டுவது போல ஒரு திசையில் மட்டும் வளைவதென்றால் அச்சு போதும். கவிழ்த்த கிண்ணம் போல எல்லாத் திசையிலும் வளைய வேண்டுமானால், இளகிய தகட்டை வளையத்தில் இறுக்கிக் காற்றை ஊதுவார்கள். எதுவும் தொடாமல் உருவாகும் பரப்பு என்பதால் அதன் தெளிவே தனி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானிகளின் தலைக்கு மேலிருந்த கூடுகளும் பெர்ஸ்பெக்ஸ்தான். அந்தக் கூடுகள் சிதறி விமானிகளின் கண்ணில் புகுந்த சில்லுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் அதே பொருளால் செயற்கைக் கண்வில்லை செய்து பொருத்தினார். மதுரையின் ஆரோலேப் 1992இல் மலிவு விலைக் கண்வில்லைகளைச் செய்யத் தொடங்கியதும் இதே பிளாஸ்டிக்கில்தான்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஆக்லாந்துக்குப் போகவேண்டும். கெல்லி டார்ல்டன் என்ற கடல்மூழ்காளர், கைவிடப்பட்ட கழிவுநீர்த் தொட்டிகளில் 1985இல் ஒரு மீன்காட்சி அமைத்தார். பார்வையாளர்கள் நடக்கும் சுரங்கத்துக்கு, ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அக்ரிலிக் பலகைகளை அடுப்பிலேற்றி, தாமாகத் துவண்டு அச்சின் வடிவுக்கு வரும்வரை மெல்லக் காய்ச்சினார்கள்.

அச்சில் கோணலாக விழுந்துவிட்ட காஸ்ட் தகட்டைப் பட்டறையில் யாரும் தூக்கி எறிவதில்லை. திரும்ப அடுப்பில் வைத்தால், வளைவெல்லாம் அவிழ்ந்து தானே தட்டையாகிப் படுத்துக்கொள்ளும். சுருங்க வேண்டியது முதல் சூட்டிலேயே சுருங்கிவிட்டதால், இரண்டாம் முறை அளவும் பெரிதாக மாறாது.