நாய்க்குட்டி பார்க்க ஆள் வருகிறார்களா?
தொற்றுக் காலத்தில் தம்பதியர் கவனிக்க வேண்டியவை



பொட்டிபுரத்திலும் போடி மலையடிவாரத்திலும் வீட்டுக் காவலுக்கும் தோட்டக் காவலுக்கும் நாய் வேண்டியிருக்கிறது. நம் தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய கோம்பை நாய் நாடறிந்த காவல் நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இவற்றோடு கோம்பையையும் குறிப்பிட்டார்.

ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டால் சேதி பரவிவிடும். "அண்ணே, குட்டி பாக்க வர்றோம்" என்று நாலைந்து பேராய் வருவார்கள். உள்ளே உட்கார வைத்துக் காப்பி கொடுப்போம். சாதாரண நாளில் இது நல்ல பழக்கம். தொற்று நோய்க் காலத்தில் இதுவே ஆபத்து.

2020 மார்ச் 11-ல் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. 2023 மே 5-ல் உலக அளவிலான அவசரநிலை முடிவுக்கு வந்தது. ஆனால் அந்தக் கிருமி அடியோடு போய்விடவில்லை. நாளைக்கு வேறு காய்ச்சலும் பரவலாம். அன்று கற்ற பாடத்தை மறக்கக் கூடாது.

நோய் நாயிடமிருந்தா, ஆளிடமிருந்தா?

"நாயைத் தொட்டா கொரோனா வருமாமே?" என்று பயந்தவர்கள் உண்டு. கொரோனா பரவியது முக்கியமாக ஆளிடமிருந்து ஆளுக்கு. பேசும்போதும் இருமும்போதும் மூச்சோடு வெளிவரும் கிருமி, காற்றோட்டமில்லாத அறையில் தங்கி அடுத்தவருக்குப் போகிறது. நாய்க்குத் தொற்றியது அபூர்வம். அதுவும் பெரும்பாலும் நோயுற்ற மனிதரிடமிருந்தே. ஆகவே குட்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். குட்டி பார்க்கக் கூடும் கூட்டத்தைத்தான் தவிர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் வயதான அப்பத்தா இருக்கலாம், கர்ப்பிணிப் பெண் இருக்கலாம், சர்க்கரை நோயாளி இருக்கலாம். அவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

குட்டி வைத்திருப்போர் செய்ய வேண்டியவை

1. முதலில் செல்போனில் குட்டிகளையும் தாய் நாயையும் படம் பிடித்துக் காட்டுங்கள். பிடிக்காதவர்கள் அதோடு நின்றுகொள்வார்கள். வீணாய் ஆள் வருவது குறையும்.

2. வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே குடும்பம், இரண்டு பேர் போதும். அவர்கள் போன பிறகே அடுத்தவர்.

3. "ஒங்க வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல், இருமல் இருக்கா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் வீட்டில் இருந்தாலும் மறைக்காமல் சொல்லி, நாளைத் தள்ளிப் போடுங்கள்.

4. குட்டிகளைத் திண்ணையிலோ, களத்திலோ, மர நிழலிலோ வைத்துக் காட்டுங்கள். வீட்டுக்குள் அழைக்க வேண்டாம். முகக்கவசம் அணிந்து, ஆறடி தள்ளி நின்று பேசுங்கள். உபசாரத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

5. வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். குட்டியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவட்டும். இது மனிதருக்கு மட்டுமல்ல, குட்டிக்கும் பாதுகாப்பு. பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோய், நோய்ப்பட்ட நாய் இருக்கும் இடத்தை மிதித்த செருப்பிலும் தொட்ட கையிலும் ஒட்டி வரும். தடுப்பூசி போடாத குட்டியைக் கொன்றுவிடும். செருப்பை வெளியிலேயே விடச் சொல்லுங்கள்.

6. எட்டு வாரம் ஆகுமுன் குட்டியைப் பிரிக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விற்பனை விதிகளும் இதையே சொல்கின்றன. "ஊரடங்கு வருதாம், இப்பவே தூக்கிட்டுப் போறோம்" என்று அவசரப்படுத்தினாலும் இணங்க வேண்டாம்.

குட்டி வாங்குவோர் கவனத்திற்கு

படத்தை மட்டும் பார்த்து முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். தாயோடு சேர்த்துக் குட்டியைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கண்ணில் பீளை, கழிச்சல், சோர்வு இருந்தால் வாங்க வேண்டாம். பூச்சி மருந்து கொடுத்தார்களா, தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் போடுங்கள்.

குட்டி கடித்துவிட்டால்?

"சின்னக் குட்டிதானே, பல்லு பட்டா என்ன?" என்று விட்டுவிடாதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். நோய்க் குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. தடுப்பூசி போட்டால் தப்பலாம்.

பல்லோ நகமோ பட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் ஊசி. முதல் நாள் போட்ட பின், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி போட வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் மருந்தும் தேவைப்படும். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். ஊரடங்கு என்றாலும் இந்த ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

இருவரும் கலந்து பேசுங்கள்

வாசலில் பேரம் பேசுவது பெரும்பாலும் கணவர். வீட்டுக்குள் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று அறிந்தவர் மனைவி. "ஏங்க, அத்தைக்கு இருமலா இருக்கு, இந்த வாரம் யாரையும் வரச் சொல்லாதீக" என்று அவர் சொன்னால், கணவர் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் பொறுத்தால் குட்டியின் விலை போய்விடாது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் குடும்பமே தவிக்கும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

காவலுக்கு நாய் வளர்ப்போம். குடும்பத்தை நாம் காப்போம்!