மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போகும் காரா? உங்கள் பேட்டரி பட்டினி கிடக்கலாம்!

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் சரி, வாசலில் கவர் போட்டு மூடிய கார்களைப் பார்க்கலாம். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் காய்கறி வாங்க, வங்கிக்குப் போக, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக என்று வாரத்தில் இரண்டு முறை எடுத்தால் அதிகம். ஒரு தடவைக்கு மூன்று கிலோமீட்டர் தாண்டாது. அந்தக் கார் நிஜமாகவே தேவைப்படுவது, என்றோ ஒரு நாள் ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும்போதுதான். அன்றைக்குப் பார்த்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். (நெஞ்சுவலி என்றால் காரை நம்பாமல் 108-ஐ அழையுங்கள். அது வேறு விஷயம்.)

"அடிக்கடி ஸ்டார்ட் பண்றதுலதான் பேட்டரி தீர்ந்துபோகுது" என்று பலர் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் வரை இழுக்கும், உண்மைதான். ஆனால், இரண்டு விநாடிதான். பத்தில் ஒரு ஆம்பியர்-ஹவர்கூட செலவாகாது. உண்மையான திருடன், கார் சும்மா நிற்கும் நேரம்!

பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். வாரத்துக்கு 8-க்கு மேல். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இது கிட்டத்தட்ட கால் பங்கு. பத்து நிமிடம் ஓட்டும்போது 10 ஆம்பியர் வீதம் ஏறினாலும் திரும்பக் கிடைப்பது ஒன்றரை, ஒன்றே முக்கால்தான். வாரம் இரண்டு முறை எடுத்தால் மூன்றரை. வரவு மூன்றரை, செலவு எட்டு. எந்தக் குடும்பம் தாங்கும்?

இதோடு முடியவில்லை. சார்ஜ் குறைந்து கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் லெட் சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் ஏறினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் கரையாது. பேட்டரியின் கொள்ளளவே குறைந்துபோகும். நம்ம ஊர் வெயில் வேறு சேர்ந்துகொள்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. கத்திரி வெயிலில் நிற்கும் காரை நிழலில் மாற்றி நிறுத்துவதுகூட ஒரு பராமரிப்புதான்.

போர்ட்டிகோவில் ஓடவிட்டால் போதுமா?

போதாது. தினமும் காலையில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. ஏ.சி ஃபேனும் ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். பெட்ரோல்தான் செலவு.

அதற்குப் பதில் வாரம் ஒருமுறை நீளமாக ஒரு ஓட்டம் விடுங்கள். கடலூர்க்காரர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நடராஜரையும் பார்த்த மாதிரி இருக்கும், பேட்டரிக்கும் சாப்பாடு போட்ட மாதிரி இருக்கும். சிதம்பரத்துக்காரர்கள் சில்வர் பீச்சுக்கு வரலாம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. லெட்-ஆசிட் பேட்டரியில் கடைசி 20 சதவிகிதம் மிக மெதுவாகத்தான் ஏறும், பல மணி நேரம் ஆகும். ஆகவே மாதம் ஒருமுறை வீட்டு பிளக்கில் மாட்டும் ஆட்டோமேட்டிக் சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டுவைப்பது நல்லது. நீளமாக ஓட்டவே முடியாத வயதானவர்களுக்கு இதுதான் முதல் வழி என்பேன். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள காரில் பேட்டரி வகை வேறு. அதற்கேற்ற சார்ஜரா என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி நிறுத்திய காரில் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பு பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது. சில புதிய கார்களில் இது ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம்.

டேஷ்கேம், ஜி.பி.எஸ் டிராக்கர் மாட்டியிருந்தால் வண்டியை அணைத்த பிறகும் ஓடுகிறதா என்று கவனியுங்கள். ரிமோட் சாவியை காருக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கவிட்டால் சில கார்கள் தூங்காமல் விழித்தே இருக்கும். உள் அறையில் வையுங்கள். கடற்காற்றில் டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் துடைக்கலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சார்ஜர் கையில் இருந்தும் பயனில்லை. எனவே ஐப்பசி மழை தொடங்கும் முன்பே ஒருமுறை முழு சார்ஜ் போட்டு, பேட்டரி வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தால் கடையில் லோடு டெஸ்டும் செய்துவிடுங்கள். ஜம்பர் கேபிள் ஒரு செட் டிக்கியில் கிடக்கட்டும்.