பேய்களுக்கு ஒரு விருந்து

பேய் வருகிறது என்றால் கதவைச் சாத்திக்கொள்வதுதான் வழக்கம். கதவைத் திறந்து வைத்து, வாசலில் விளக்கேற்றி, "வாருங்கள், வாருங்கள்!" என்று பேய்களை உபசரிக்கிற தேசமும் ஒன்று உண்டு. அமெரிக்காதான். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 31-ஆம் தேதி இரவு இந்த வைபவம் நடக்கிறது. வருகிற பேய்கள் பலவற்றுக்கு ஏழெட்டு வயதுக்கு மேல் இராது. படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுப் போர்த்திக்கொண்டு வரும். பல் விழுந்த வாயால் சிரிக்கும்.

ஹாலோவீன் என்று இதற்குப் பெயர். நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்தின இரவு இது. செத்தவர்கள் அன்றைக்கு ஊருக்குள் உலவுவார்கள் என்பது அயர்லாந்துக்காரர்களின் பழைய நம்பிக்கை. 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கப்பலேறிய லட்சக்கணக்கான ஜனங்கள் தங்கள் பேய்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு, போன இடத்தில் பறங்கிக்காய் கிடைத்தது. கண், மூக்கு, வாய் வெட்டி, உள்ளே விளக்கை வைத்தால் ஆயிற்று. நம் ஊரில் புது வீட்டு வாசலில் மூஞ்சி எழுதித் தொங்கவிடுகிறோமே திருஷ்டிப் பூசணிக்காய், அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி!

இந்தக் கூத்தை வீட்டுக்குள் விருந்தாக மாற்றியவர்கள் யார் தெரியுமா? பயந்துபோன பெரியவர்கள். அந்தக் காலத்துப் பையன்கள் அன்றிரவு அடித்த லூட்டி கொஞ்சநஞ்சமல்ல. வேலிக் கதவைக் கழற்றி ஒளித்து வைப்பார்கள்; ஜன்னல் கண்ணாடியில் சோப்பைத் தேய்ப்பார்கள். மின்னஸோட்டா மாநிலத்து அனோகா நகரில் மாடுகளை அவிழ்த்துக் கடைத்தெருவில் விட்டுவிட்டார்களாம். ஊர்ப் பெரியவர்கள் 1920-ல் ஊர்வலமும் தின்பண்டமுமாக ஒரு விழாவே நடத்திப் பையன்களை வசப்படுத்தினார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் விஷமம் முற்றி நாசவேலையாயிற்று. அப்போது தெருக்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஒரு வீட்டில் வேஷம், அடுத்த வீட்டில் சாப்பாடு, அதற்கடுத்த வீட்டின் நிலவறையில் பேய்! 1937-ல் வெளிவந்த விருந்துக் கையேடு ஒன்று, இருட்டுச் சுவரில் பச்சை ஈரலைத் தொங்கவிடச் சொல்கிறது. நம் பாட்டிமார் கையில் கிடைத்திருந்தால் அந்தக் கையேடு நேரே வெந்நீர் அடுப்புக்குப் போயிருக்கும்.

பிறகு வேறொரு பயம் பிடித்தது. 1974-ல் டெக்ஸாஸில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் ஹாலோவீன் மிட்டாய் தின்று இறந்தான்; அதில் சயனைடு இருந்தது. 1982-ல் சிகாகோப் பகுதியில், விஷம் கலந்த வலி மாத்திரையால் 7 பேர் மாண்டார்கள். வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் வழக்கத்தையே அந்த வருஷம் சில ஊர்களில் தடுத்துவிட்டார்கள். "அந்நியர் வீட்டு மிட்டாய் வேண்டாம், நம் வீட்டிலேயே விருந்து வைப்போம்" என்றார்கள் தாய்மார்கள். ஆனால் ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைத் துருவிப் பார்த்தபோது, அந்நியர் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தைகூட இறந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. டெக்ஸாஸ் சிறுவனுக்கு விஷம் கொடுத்தவன் பெற்ற தகப்பன்; இன்ஷூரன்ஸ் பணத்துக்காக!

சரி, விருந்துக்கு வருவோம். விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தைகளை வட்டமாக உட்கார வைக்கிறார்கள். செத்துப்போன ஒருவனின் கதையை அம்மா மெல்லிய குரலில் ஆரம்பிக்கிறாள். "இதோ அவன் கண்!" கிண்ணம் கை மாறுகிறது. உள்ளே தோலுரித்த திராட்சை. "இதோ அவன் குடல்!" வேகவைத்து எண்ணெய் தடவி ஆறவைத்த ஸ்பகெட்டி. "இதோ அவன் பல்!" மக்காச்சோள மணிகள். வீடே அதிருகிற கூச்சல்!

அந்தக் கூச்சலில் ஒன்று மட்டும் நிஜ அழுகையாக இருக்கும். நாலைந்து வயதுக் குழந்தைக்கு வேஷம் எது, வாஸ்தவம் எது என்று சட்டென்று பிரித்துப் பார்க்க வராது. முகமூடி போட்டுக்கொண்டால் சொந்த மாமாவே அதற்கு மாமா இல்லை. "பயந்தாங்கொள்ளி!" என்று மற்றவர்கள் சிரித்துவிட்டால் தீர்ந்தது, அன்றிரவு யாருக்கும் தூக்கம் கிடையாது. விவரம் தெரிந்த தாய் அந்தக் குழந்தையை மத்தியானமே சமையலறைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறாள். கொதிக்கிற வெந்நீரில் திராட்சையை அவள் ஒரு நிமிஷம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் விடுகிறாள். நழுவுகிற தோலைக் குழந்தை உரிக்கிறது. முகமூடியை அதன் கையிலேயே கொடுத்துப் போட்டுக் கழற்றச் சொல்கிறாள்.

இந்த விருந்தில் நிஜமாகப் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, அதே திராட்சை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை முழுசாக விழுங்கினால் மூச்சுக்குழலை அடைத்துவிடும். தின்னக் கொடுப்பதானால் நீளவாட்டில் நாலாக நறுக்கவேண்டும். இன்னொன்று, பறங்கிக்காய்க்குள் எரிகிற மெழுகுவர்த்தி. தரையில் புரளும் மெல்லிய பேய் அங்கிக்கு ஒரு பொறி போதும். பாட்டரி விளக்கு வைத்தாலும் பூதம் அதே மாதிரிதான் இளிக்கிறது.

ராத்திரி விளையாட்டு ஆரம்பமாகும்போது அந்தக் குழந்தைக்கு ஓர் உத்தியோகமும் உண்டு. கிண்ணத்தை ஏந்திக்கொண்டு இருட்டில் ஒவ்வொருவரிடமும் அதுதான் போகும். தன்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் 'கண்'ணைத் தொட்டுவிட்டு வீறிடும்போது, சிரிப்பை அடக்க அது படுகிற பாடு இருக்கிறதே!