மீனுக்குள் புழு, சந்தையில் பீதி

வாடிக்கையாளர் மனத்தில் ஒரு முறை சந்தேகம் புகுந்துவிட்டால் நல்ல சரக்கும் தேங்கிவிடும் என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. மேற்கு ஜெர்மனியில் 1987-இல் நடந்தது இதற்குத் தக்க சான்று.

அவ்வாண்டு ஜூலையில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஹெர்ரிங் மீனில் புழுக்கள் இருப்பதைக் காட்டியது. உடனே நாடெங்கும் மீன் விற்பனை சரிந்தது. எந்தச் சரக்கில் புழு உண்டு, எதில் இல்லை என்று மக்கள் பிரித்துப் பார்க்கவில்லை. நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் சேர்ந்தே நஷ்டப்பட்டனர்.

அந்தப் புழுவின் பெயர் அனிசாகிஸ். உருளைப்புழு இனத்தைச் சேர்ந்தது. திமிங்கிலம், டால்பின் ஆகியவற்றின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடும். முட்டைகள் கழிவுடன் கடலில் கலக்கும். அவற்றிலிருந்து வரும் இளம்புழுக்களைக் கூனி போன்ற சிற்றுயிர்கள் விழுங்க, அவற்றை மீன்கள் தின்னும். மீனின் குடலைச் சுற்றி, சுமார் 2 செ.மீ. நீளத்தில் புழு சுருண்டு கிடக்கும். மீன் செத்த பின் குடலை நீக்கத் தாமதித்தால் சதைக்குள்ளும் நுழையும். அதைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்பவருக்குக் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வரலாம்.

இதில் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. பரிகாரம் பக்கத்து நாட்டிலேயே இருந்தது. நெதர்லாந்து மக்கள் ஹெர்ரிங்கை லேசாக உப்பிட்டு, சமைக்காமலே உண்பவர்கள். அங்கு இந்நோயை வான் தீல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1960-இல் விளக்கினர். 1968-இல் அவ்வகை மீனைப் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. நோய் வெகுவாகக் குறைந்தது, வியாபாரமும் நிலைத்தது. ஜெர்மனியிலோ பீதி பரவிய பிறகே, 1988-இல், மீனுக்கெனத் தனி விதிகள் வந்தன.

நன்றாக உறைய வைத்தாலும், உட்பகுதி வரை 60 டிகிரிக்கு மேல் வெந்தாலும் புழு சாகும். லேசான உப்புக்கும் வினிகருக்கும் சாகாது. செத்த புழுவும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடும். ஆதலால் பிடித்தவுடன் குடலை நீக்குவதே முதல் காப்பு.

உறைய வைக்கச் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் அச்செலவைக் கணக்கில் எழுதிவிடலாம். இழந்த நம்பிக்கையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?